ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து நான் வாங்கிய 'வழிகாட்டி நாய்'

பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய், முழுப் பயிற்சி முடித்தது, பணத்தைப் போட்டால் வீட்டுக்கே வந்து சேரும் என்று யாராவது சொன்னால், பணம் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. தமிழில் தேடியபோது நாய் வளர்ப்பு வீடியோக்களும் சினிமா விமர்சனங்களும்தான் கிடைத்தன.

என் ஊர் பள்ளத்தூர். காரைக்குடியில் ஒரு வங்கியில் வேலை. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். பள்ளிக்கூட வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரியும். பரம்பரையாக வருவது. ஆத்தாவும் அப்பச்சியும் (அம்மாவும் அப்பாவும்) சொந்த மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டினால் இது வரும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ஆத்தா யாரோடும் பேசவில்லை.

வங்கிக்குள் எனக்குச் சிரமம் இல்லை. கணினி பேசும், போன் பேசும். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் பிரச்சினை. எங்கள் பக்கத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அவ்வளவு நீள வீடுகள், அதில் பாதி பூட்டிக் கிடப்பவை. டீக்கடைச் சத்தமோ மாவு மில் சத்தமோ இருந்தால் எங்கே இருக்கிறோம் என்று பிடித்துக்கொள்ளலாம். இங்கே சுவர், சுவர், மறுபடி சுவர். வழி தவறினால் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைக்காது. காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதிக் கூட்டத்தில்கூட எனக்கு இவ்வளவு பயம் கிடையாது. ஆத்தாதான் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிடுவார், சாயங்காலம் வந்து நிற்பார். அவருக்கு மூட்டுத் தேய்ந்து, திண்ணைப் படி இறங்கவே சுவரைப் பிடிக்கவேண்டிய நிலை வந்ததும் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து தம்பி போன் செய்தான். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். "ஆச்சி, இன்னைக்கு எம்ஆர்டி ரயில்ல ஒரு அம்மா நாயோட ஏறுனாங்க. அது பாட்டுக்குக் காலடியில படுத்துக்கிச்சு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அவங்க எறங்குற எடத்துல எந்திரிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. உங்களுக்கும் ஒண்ணு வாங்கிருவோம்" என்றான். எனக்கும் அந்த ஆசை முன்பே உண்டு. 2021-ல் 'நெற்றிக்கண்' வந்தபோது அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்ல, கேட்டேன். நயன்தாராவோடு கண்மணி என்று ஒரு நாய் வரும். 2011-ல் வந்த 'பிளைண்ட்' என்ற கொரியப் படத்தைத் தழுவியது அது. திரையில் நாய் வந்தால் அது எப்படியும் காப்பாற்றிவிடும் என்று நம்புகிற கூட்டம் நாம். ராம நாராயணன் படங்களில் பாம்பும் குரங்கும் நாயும் சகல காரியங்களையும் முடித்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறெப்படி இருப்போம்?

தம்பி இணையத்தில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தான். ஒரு பெரிய நகரத்தில் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து விற்பவர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரை லேப்ரடார் ஒன்று சாலையில் கூட்டிப் போகிறது, பின்னணியில் உருக்கமான பாட்டு. பேசினோம். மூன்று வயசு நாய், இரண்டு வருஷம் பார்வையில்லாத ஒருவரோடு வேலை பார்த்தது, அவர் வெளிநாடு போய்விட்டதால் கொடுக்கிறோம் என்றார். விலை 1,60,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி நாயைக் கையில் கொடுக்கும்போது. தம்பி ஒரு லட்சம் போட்டான், மீதி என் சேமிப்பு. ரசீது கேட்டேன், "ஜிபே பண்ணுறீங்கல்ல மேடம், அதுவே ரசீதுதான்" என்றார். நாய் டாக்சியில் வந்தது, அதற்கு 9,000. கூட வந்த பையன் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் நடத்திக் காட்டிவிட்டு, ஆத்தா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நாயின் பெயர் ஹீரோ.

முதல் இரண்டு நாள் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. நாய் வேகமாக நடந்தது. கை பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லாமல், என் வேகத்துக்கு நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து விஷயம் புரிய ஆரம்பித்தது. கறிக்கடை வாசலில் நின்றவன் நகர மறுத்தான். தெருநாய்கள் கூட்டமாகக் குரைத்துக்கொண்டு வந்ததும் எனக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார், பின்னால் ஒரு அம்மா "கடிக்குமா, கடிக்குமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். வங்கியில் மேலாளர் நல்லவிதமாகத்தான் பேசினார், ஆனால் நாயை ஜெனரேட்டர் அறைப் பக்கம் கட்டிப் போடச் சொன்னார். அங்கே அவன் நாள் முழுக்க ஊளையிட்டதை நான் கவுன்டரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

அந்த வார இறுதியில் எங்கள் தெருமுனையில் விழுந்தேன். சாக்கடை மேல் போட்ட சிலாப் ஒன்று உடைந்து கிடந்த இடம். ஹீரோ உடைசலுக்கு இந்தப் பக்கம் அழகாக ஒதுங்கிப் போய்விட்டான். அவனுக்கு வலப்பக்கம் நடந்த நான் உள்ளே. கணுக்காலில் விரிசல், மாவுக்கட்டு, மருத்துவச் செலவு 34,000. சம்பளமில்லா விடுப்பு தனி. விற்றவருக்கு அன்றைக்கே போன் செய்தேன். "நீங்க நடத்துற விதம் சரியில்ல மேடம், நாய் பெர்ஃபெக்ட்" என்றார். அடுத்த வாரம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த நாள்களில்தான் போனில் புத்தகங்களைக் கேட்டேன். அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்காக 'சுகம்ய புஸ்தகாலயா' போன்ற இணைய நூலகங்கள் இருக்கின்றன, உறுப்பினராகி வையுங்கள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கியதாம் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி வழக்கம். டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஜெர்மனியில் அப்படி ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு 1927-ல் ஒரு பத்திரிகையில் எழுத, மோரிஸ் ஃப்ராங்க் என்ற இளைஞர் அதைக் கேள்விப்பட்டு சுவிட்சர்லாந்துக்கே போய் அவரிடம் பயிற்சி எடுத்து, பட்டி என்ற நாயோடு திரும்பியிருக்கிறார். (பெயரைக் கேட்டு நானும் சிரித்தேன்.) 1929-ல் அவர்கள் சேர்ந்து தொடங்கிய 'தி சீயிங் ஐ' பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே முதல் நாய்க்கு ஒருவர் கட்டவேண்டியது 150 டாலர். நாய்க்கும் பயிற்சிக்கும் ஆகும் உண்மையான செலவு அதைப்போலப் பல மடங்கு, அதை நன்கொடைகள் தாங்குகின்றன. ஆனால் அமெரிக்கா, கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. நல்ல பள்ளி எதுவும் இதை லாபத்துக்குச் செய்வதில்லை, என்னிடம் மட்டும் ஒருவர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார்.

மைக்கேல் ஹிங்சனின் 'தண்டர் டாக்' இன்னும் உறைத்தது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் 78-வது மாடியிலிருந்து ரோசெல் என்ற லேப்ரடாரோடு படியிறங்கி உயிர் தப்பியவர் அவர். நாய் அவரைக் காப்பாற்றியது என்றுதான் உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் சொல்வது வேறு. கட்டடத்தின் வழிகளை அவர் முன்பே மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தார். எங்கே போவது என்று முடிவு செய்தது அவர், போகிற பாதையில் இடிக்காமல் கூட்டிப்போனது நாய், இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை என்கிறார். இந்த விஷயம் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. வழிகாட்டி நாய்க்கு வழி தெரியாது. பஸ் நிறுத்தம் எங்கே, எத்தனையாவது திருப்பம் என்பதெல்லாம் நம் தலைக்குள் இருக்கவேண்டும். சிக்னலில் பச்சையா சிவப்பா என்று நாய் பார்த்துச் சொல்லாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு நாம்தான் 'போ' என்கிறோம், அந்த நேரத்தில் வண்டி வந்தால் நாய் நம் சொல்லை மீறி நிற்கும். அப்படி நியாயமாகக் கீழ்ப்படியாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி. 2004-ல் வந்த 'க்வில்' என்ற ஜப்பானியப் படத்தைப் பிறகு அண்ணன் மகள் போட்டுச் சொன்னாள். சினிமாவில் இதை நேர்மையாகக் காட்டியது அது. குட்டி முதலில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்கிறது, அப்புறம் பள்ளிக்குப் போகிறது, அதற்குப் பிறகும் பார்வையில்லாதவரும் நாயும் பள்ளியிலேயே சேர்ந்து பழகுகிறார்கள். என் வீட்டு வாசலில் நடந்த பழக்கம் ஒரு மணி நேரமும் ஒரு டம்ளர் காப்பியும்.

ஹீரோவைக் காட்டிய கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு, இவனுக்கு ஒன்றரை வயசுகூட இருக்காது என்றார். மூன்று வயசும் இரண்டு வருஷ வேலையும் அதோடு போச்சு. அண்ணன் மகள் அந்தப் பழைய வீடியோவை மறுபடி போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள், "அத்தை, இதுல ஒரு எடத்துல தண்ணி தேங்கிக் கெடக்கு. நாய் அங்க போறதுக்கு முன்னாடியே அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் காலைத் தூக்கித் தாண்டுறாரு" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் கட்டுப் போட்ட கால் வலித்தது.

கால் சரியானதும் மதுரைப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் தங்கி மொபிலிட்டி, அதாவது தனியாக நடமாடும் முறை, கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவருக்கும் பார்வை கிடையாது. என் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பழைய ஹார்னஸைக் கொண்டு வந்தார். வெளிநாட்டில் யாரோ கொடுத்ததாம். நாயின் உடம்பில் மாட்டும் பட்டையை அவர் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், கைப்பிடியை என் இடது கையில் கொடுத்தார். அது தோல் சுற்றிய கம்பி, வளையாது. அவர் லேசாக வலப்பக்கம் சாய்ந்தால் என் மணிக்கட்டு சாய்ந்தது. படி வந்து நின்றால் கைப்பிடி அப்படியே நின்று என்னையும் நிறுத்தியது. தரை ஏறினால் கம்பியின் முனை மேலே எழும்பியது. ஹீரோவுக்குக் கொடுத்தது பள்ளிக்கூடப் பை வார் மாதிரி ஒரு துணிப்பட்டை. அதில் அவன் இழுக்கிறான் என்பது மட்டும் தெரியுமே தவிர, எங்கே திரும்புகிறான், ஏன் நிற்கிறான் என்று கைக்கு ஒரு சேதியும் வராது. வலப்பக்கத்து ஆளின் அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழிகாட்டி நாயின் வேலை என்று அவர் சொன்னபோது, சாக்கடை சிலாப் ஞாபகம் வந்தது.

ஆகவே யாராவது நாய் விற்க வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். முதலில், எங்கே பயிற்சி பெற்றது, அந்தப் பள்ளி சர்வதேச வழிகாட்டி நாய்கள் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் பட்டியலை அந்த அமைப்பே இணையத்தில் வைத்திருக்கிறது. உங்களைப் பற்றி ஒன்றும் கேட்காமல் நாயை விற்கிறவரை நம்பவே வேண்டாம். உண்மையான பள்ளி உங்கள் நடை வேகம், உயரம், தினமும் போகும் வழி, ஸ்டிக்கோடு (வெள்ளைக் கோல்) தனியாக நடக்கத் தெரியுமா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அதற்கேற்ற நாயைத் தேடும். கைப்பிடி விறைப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வீடியோ வேண்டாம், முன்பு அந்த நாயோடு நடந்தவரிடம் நேரில் பேசவேண்டும் என்று சொல்லுங்கள். இடுப்பு எலும்பு எக்ஸ்ரேயும் கண் பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள், லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். ராஜபாளையம் நாயைப் பழக்கலாமே என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் பலர். அது காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த இனம், அந்த வேலைக்கு அதை விட்டுவிடுங்கள்.

நாய்க்கு முன்னால் ஸ்டிக். இது மட்டும் மாறாத வரிசை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி இலவசமாக வாங்கலாம், எனக்குக் கிடைத்தது. நிமிர்த்தி வைத்தால் நெஞ்செலும்பு வரை வரவேண்டும், குட்டையாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வலது கால் முன்னே போகும்போது ஸ்டிக் இடப்பக்கம் தட்டவேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். எழுதும்போது சுலபம், கைக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, தோள்பட்டை விட்டுப்போச்சு. தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையோ நின்றிருக்கும் லாரியின் பின்பக்கத்தையோ சாதாரண ஸ்டிக் சொல்லாது. அதற்கு ஐஐடி டெல்லியில் உருவாக்கிய ஸ்மார்ட்கேன் இருக்கிறது, எதிரே எதுவும் இருந்தால் கைப்பிடி அதிரும். நான் எந்தச் சுவர்களைச் சபித்தேனோ அதே சுவர்கள்தான் இப்போது உதவுகின்றன. ஸ்டிக் முனையைச் சுவரோரமாக விட்டு நடந்தால் வழி தவறாது. திண்ணைப் படி வந்தால் ஒரு சத்தம், கேட் வந்தால் வேறு சத்தம். சுவர் முடிந்து சந்து வரும் இடத்தில் காதுப் பக்கம் சட்டென்று காற்றும் சத்தமும் திறந்துகொள்ளும். அங்கே திரும்பினால் பஸ் நிறுத்தம்.

ஹீரோ என்ன ஆனான் என்று கேட்பீர்கள். வீட்டில்தான் இருக்கிறான். நாய் முகப்பைத் தாண்டக்கூடாது என்று முதல் நாளே சொன்ன ஆத்தா, இப்போது உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவில் அவனுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சியாக இருப்பதால் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு அங்கேதான் படுப்பான், நான் ஸ்டிக் தட்டி வந்தால் நகரமாட்டான், நான்தான் சுற்றிப் போகவேண்டும். லேப்ரடார் வளர்க்க நினைப்பவர்களுக்கு: நம் வெயில் அதற்கு ஆகாது. சித்திரை மாதத்தில் காலை ஏழு மணிக்குள் நடத்திவிட்டு வந்துவிடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து, வருஷா வருஷம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாது. முடி கொட்டும், எல்லா இடத்திலும் கொட்டும். விற்றுவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன சொல்லி விற்பது? எனக்குச் சொன்னதையே சொல்லியா?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் கேட்டபிறகு விற்றவர் முப்பதாயிரம் திருப்பிக் கொடுத்தார், அதோடு சரி. பிறகு நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஜிபே விவரம், வாட்ஸ்அப் குரல் பதிவுகள், அந்த வீடியோ, மருத்துவரின் சான்று எல்லாவற்றையும் நான் அழிக்காமல் வைத்திருந்தது உதவியது. பேச்சு எதையும் போனில் மட்டும் முடிக்காதீர்கள், ஒருமுறை எழுத்திலும் கேட்டு வாங்குங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் இப்போது சொல்வது, நாய் பயிற்சி பெற்றதுதான், பயன்படுத்தத் தெரியாதது மனுதாரர் என்று. அடுத்த வாய்தாவுக்கு ஹீரோவையே சிவகங்கைக்குக் கூட்டி வரலாமா என்று என் வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். விண்ணப்பம் போட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறார். வளாகத்துக்கு வெளியே ஒரு பிரியாணிக்கடை இருக்கிறதாம். எந்தப் பக்கம் கூட்டிப் போகிறான் என்று அவர்களே பார்க்கட்டும்.